கொடியின் மானமும் குடியின் உரிமையும்

கொடி என்பது துணியே. ஆயினும், துணிக்கு உள்ள மதிப்பே கொடிக்கும் உண்டு என்று கூறுவார் உலகில் எவரும் இலர். நம் நாராயணவனத்துக் கல்யாண வேங்கடேசப் பெருமான் திருக்கோயிலில் பிரம்மோற்சவத்தின் தொடக்கத்தில் கருடக் கொடி ஏறுகின்றபோது கைகுவியாதார் யார்? சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் கொடியில் அமைந்தமையை நம் பிள்ளைகள் இளமையிலேயே கற்கின்றனர். இவ்வளவு தொலைவு போவானேன்? யான் எழுத்தனாய் ஊழியம் செய்யும் இரயில்வேயில், ஒரு முழச் சிவப்புத் துணியைக் கையிற் பிடித்துத் தண்டவாளத்தின் அருகே ஒருவர் நின்றால், பல நூறு டன் எடையுள்ள வண்டி நின்றுவிடுகின்றது. வண்டியை நிறுத்துவது துணி அன்று. துணி உணர்த்தும் பொருள்.

கொடியை உயர்த்துவது ஒரு கருத்தைச் சொல்வதாயின், அதைத் தாழ்த்துவதும் கொளுத்துவதும்கூட ஒரு கருத்தைச் சொல்வனவே அல்லவோ? அப்படியாயின் அது பேச்சுரிமையுள் அடங்குமா, அன்றிக் குற்றமாகுமா? இவ்வினாவை அமெரிக்க நாட்டினர் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். ஆயினும் இது கடல்கடந்த செய்தி மட்டும் அன்று. நம் தமிழ்நிலத்திலேயே இவ்வினா எழுந்து, சட்டமாகி, சிறையாகி, சாவிலும் சென்று முடிந்தது. அவ்வரலாற்றை அறிந்தோர் அருகி வருதலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அந்நியர் ஆட்சியில் கதை நேர்மாறாக இருந்தது என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். அன்று மூவண்ணக் கொடியை ஏந்துவதே குற்றம். 1923இல் நாகபுரியில் கொடிச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற குமரன் போலீசாரின் தடியடிக்கு ஆளாகி உயிர் நீத்து, ‘கொடி காத்த குமரன்’ என்று பெயர் பெற்றார். அதே மாதம் 26ஆம் நாள் சென்னைக் கோட்டையின் கொடிமரத்தில் ஆர்யா என்ற பாஷ்யம் மூவண்ணக் கொடியை ஏற்றினார். ஒரு கொடியின் பொருட்டு அன்று சிறை சென்றவர்கள், தம் கருத்தை வெளியிட்டமைக்காகவே சிறை சென்றார்கள் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கின்றோம். அக்கொடியே 1947 ஜூலை 22இல் அரசியல் நிருணய சபையால் சிறு மாற்றத்துடன் தேசியக் கொடியாக ஏற்கப்பட்டது. கொடிக்கு முதல் வடிவம் வரைந்து 1921இல் விசயவாடாவில் காந்தியடிகளிடம் அளித்த பிங்கலி வெங்கையா ஆந்திர நாட்டவர் என்பதும், ‘ஜன கண மன’ கீதத்தைத் தாகூர் 1919இல் ஆங்கிலத்தில் பெயர்த்தது அந்நாளில் நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியிலே என்பதும் இங்கு வாழும் நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளத் தக்கன.

இனிச் செய்திக்கு வருவோம்.

விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்தி மொழி பற்றிய கசப்பு சென்னை இராச்சியத்தில் வளர்ந்தது. 1952இல் பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்களின் திராவிடர் கழகத்தார் இரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் கொண்டு அழித்தனர். பிறகு, 1955 ஆகஸ்டு 1ஆம் நாள் தேசியக் கொடியைக் கொளுத்துவதெனத் திராவிடர் கழகம் அறிவித்தது. கொடி இந்திய யூனியன் ஆட்சியின் அடையாளம். அவ்வாட்சி இந்தியைத் திணிக்கின்றது. ஆதலின் அடையாளத்தை எரிப்பது கண்டனம் தெரிவிக்கும் வழி என்பது அவர்தம் வாதம். நாடெங்கும் பெருஞ்சினம் மூண்டது. சிறை கண்டு, தடியடி பட்டுக் கொடியைக் காத்த காங்கிரசுத் தொண்டர்களின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! எனினும் அன்றைய முதலமைச்சர் காமராசர் தோட்டாவை எண்ணவில்லை. ஓர் அறிக்கையை வெளியிட்டார். இந்தி பேசாத மக்கள்மீது அம்மொழி கட்டாயமாகத் திணிக்கப்படமாட்டாது என்ற உறுதிமொழி அதில் இருந்தது. அதனை ஏற்றுப் பெரியாரும் போராட்டத்தை ஒத்திவைத்தார். ஒரு கொடியும் எரியவில்லை. எதிர்த்தரப்பினரின் உள்ளத்தில் இருந்த அச்சத்துக்கு விடை கூறியதால் எரிக்க வேண்டிய தேவையே நீங்கிற்று. ஆட்சிக் கலையில் இஃது ஒரு நல்ல பாடம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இரண்டாண்டு கழித்து வந்த செய்தி அவ்வளவு எளிதாக முடியவில்லை. 1957 நவம்பர் 3இல் தஞ்சையில் கூடிய திராவிடர் கழகத் தனி மாநாடு, சாதி ஒழிப்புக்கு இடையூறாக உள்ளன என்று தாம் கருதிய அரசியல் சட்ட விதிகளை நீக்க வேண்டுமென்றும், நீக்காவிடின் நவம்பர் 26ஆம் நாள் அச்சட்டத்தைக் கொளுத்துவதென்றும் தீர்மானித்தது. அந்நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அரசியல் நிருணய சபை அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது 1949இல் அதே நாளில்தான்.

அரசியல் சட்டத்தை எரிப்போரைத் தண்டிக்க அன்று தனிச் சட்டம் இல்லை. 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் இருந்தது. ஆனால் அது வணிகர் கொடியையும் சின்னத்தையும் தம் சரக்கின்மேல் ஒட்டி விற்காமல் தடுப்பதற்கு எழுந்தது. விலைக்கு வாங்கிய புத்தகத்தை ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் எரித்தால் எந்தப் பிரிவின்கீழ் அவனைப் பிடிப்பது? ஆகவே சென்னைச் சட்டசபை மிகுந்த விரைவில், அந்நவம்பர் மாதத்திலேயே, தேசிய கௌரவத்துக்கு அவமதிப்பு நேராமல் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. 1957ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் அது. தேசியக் கொடியையோ அரசியல் சட்டத்தையோ எரித்தாலும் இழிவுபடுத்தினாலும் மூன்றாண்டு வரை சிறை. மாநாட்டுத் தீர்மானத்துக்கும் குறித்த நாளுக்கும் இடையே இருந்தவை இருபத்து மூன்றே நாள்கள். ஒரு நாளை முன்னிட்டு ஒரு சட்டம் பிறந்தது என்று கூறினால் மிகையாகாது.

ஈண்டு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு விந்தையைக் குறிப்பிட விரும்புகின்றேன். 1957இல் சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உட்பட, ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. சென்னைச் சட்டமோ சென்னை இராச்சியத்துக்கு மட்டுமே உரியது. ஆகவே, நவம்பர் 26ஆம் நாள் ஒருவர் அரசியல் சட்டத்தின் ஒரு தாளை அரக்கோணத்தில் கொளுத்தினால் மூன்றாண்டுச் சிறைக்கு உரியவர். வண்டியேறித் திருத்தணியிலோ புத்தூரிலோ இறங்கி அதே தாளைக் கொளுத்தினால் அச்சட்டம் அவரைத் தீண்டாது. தாள் ஒன்று, தீ ஒன்று, நாட்டின் மானமும் ஒன்றே. குற்றம் மட்டும் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது! அதே ஆண்டுகளில்தான் அவ்வெல்லைக் கல் எங்கே நடப்படவேண்டும் என்று தமிழரும் தெலுங்கரும் வாதாடிக்கொண்டிருந்தனர். படாஸ்கர் அவர்களின் பரிந்துரைக்குப்பின் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னையைச் சேர்ந்தது. புத்தூரும் நாராயணவனமும் ஆந்திரத்தில் நின்றன. நம்மில் பலருடைய பாட்டன்மார் ஊரைவிட்டு ஓரடியும் நகராமலே வேறு இராச்சியத்துக் குடிகளாயினர். சட்டங்கள் எல்லைக்கு எல்லை மாறும் இயல்பை நம்மவரைப்போல் பட்டறிந்தவர் சிலரே.

குறித்த நாளில் சட்டம் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பலருக்குச் சில மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை கிடைத்தது. இவர்களுட் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து உழவரும் கூலிகளும் சிறு வணிகரும் ஆவர். நீதிமன்றத்தில் எதிர்வழக்காடாமல், ‘எரித்தது உண்மை, சாதி ஒழியவேண்டுமென்றே எரித்தேன்’ என்ற கருத்துப்பட வாக்குமூலம் அளித்துவிட்டுச் சிறை புகுந்தனர். பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி என்ற இருவர் 1958இல் திருச்சிச் சிறையில் உயிர் நீத்தனர். அவர்களுடைய உடல்களைப் பெறுவதற்கே மணியம்மையார் அரசினரிடம் போராட வேண்டியதாயிற்று.

அவர்கள் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். யான் கோயிலுக்குச் செல்பவன். அரசியல் சட்டத்தைக் கொளுத்துவதை மனத்தாலும் எண்ணாதவன். எனினும் இரயில் நிலையப் பலகையில் தார் பூசியதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பலகை பொதுமக்கள் உடைமை. அதை அழித்தால் நட்டம் உண்டு, வண்டியில் வரும் வழிப்போக்கருக்குத் தடுமாற்றமும் உண்டு. தன் காசு கொடுத்து வாங்கிய தாளை எரித்தவன் எவருடைய பொருளையும் பறிக்கவில்லை, எவரையும் அடிக்கவில்லை. அவன் புண்படுத்தியது பிறர் உள்ளத்தை. உள்ளப் புண்ணுக்கு மூன்றாண்டு என்பது தக்க அளவா? இவ்வினாவையே அமெரிக்கர் கேட்டனர்.

அமெரிக்காவில் 1897 முதற்கொண்டு இராச்சியந்தோறும் கொடிப் பாதுகாப்புச் சட்டங்கள் தோன்றின. தொடக்கத்தில் அவையும் வணிகர் பொருட்டே எழுந்தன. பீர்ப் புட்டியின்மேல் கொடியை அச்சிட்ட நெப்ராஸ்கா வணிகரைத் தண்டித்தது செல்லும் என 1907இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர்க் கதை திரும்பிற்று. கலிபோர்னியாவில் சிறுவர் முகாம் ஒன்றில் செங்கொடி ஏற்றிய இளம்பெண்ணைத் தண்டித்தது செல்லாது என 1931இல் அதே நீதிமன்றம் கூறிற்று. கொடி பேசுகின்றது என்பதை அந்நாட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தொடக்கம் அது.

அடுத்து வந்தது மாணவர் வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர் கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கார். கொடி வணக்கமும் செய்யார். அவர்தம் பிள்ளைகளைப் பள்ளியினின்று நீக்கியது சரியே என 1940இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் அச்சிறுபான்மையினர் பல ஊர்களில் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். மூன்றே ஆண்டில், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூன் 14ஆம் நாள், நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டு, எவரையும் வற்புறுத்திக் கொடி வணங்கச் செய்தலாகாது என்றது. அந்நாள் அவர்களுக்குக் கொடி நாள் என்பது நினைக்கத் தக்கது. படைவீரர் கொடியின்கீழ் மடிந்துகொண்டிருந்த காலத்தில், கொடியை வணங்கமாட்டேன் என்ற பிள்ளையின் பக்கம் ஒரு நீதிமன்றம் நின்றது.

வியட்நாம் போர்க்காலத்தில் கொடிகள் எரிந்தன. 1968இல் அமெரிக்கக் காங்கிரசு நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றிற்று. இறுதியாக 1984 ஆகஸ்டில் டல்லாஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது கிரிகோரி லீ ஜான்சன் என்பவர் நகர மண்டபத்தின் முன் கொடியை எரித்தார். டெக்சாஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறையும் இரண்டாயிரம் டாலர் அபராதமும் விதித்தது. கூட்டம் கலைந்தபின், அதனைக் கண்டு நின்ற ஒருவர் எரிந்த துணியின் மிச்சத்தைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தம் வீட்டுப் பின்புறத்தில் புதைத்தார் என்று தீர்ப்புரையே கூறுகின்றது. எரித்தவர் ஒரு கருத்தைச் சொன்னார். புதைத்தவரும் ஒரு கருத்தைச் சொன்னார். இருவரும் வாயால் ஒன்றும் பேசவேண்டியிருக்கவில்லை.

1989 ஜூன் 21இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், எரித்ததும் பேச்சே, ஆதலின் தண்டனை செல்லாது எனத் தீர்ப்பு வந்தது. அன்று ஐம்பதில் நாற்பத்தெட்டு இராச்சியங்களில் இத்தகைய சட்டம் இருந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். பழைமைவாதி எனப் பெயர் பெற்ற ஸ்காலியாவும் அவருடன் சேர்ந்தார். நால்வர் மறுத்தனர், போரில் பணிபுரிந்த நீதிபதி ஸ்டீவன்ஸ் அவருள் ஒருவர். மக்கள் கொதித்தனர். அதே ஆண்டே காங்கிரசு புதுச் சட்டம் இயற்றிற்று. 1990 ஜூன் 11இல் அதனையும் அதே ஐவர் தள்ளினர். அரசியல் சட்டத்தையே திருத்த முயன்றனர். 2006இல் செனட்டில் 66 வாக்குகள் கிடைத்தன, 67 வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கு! 2025 ஆகஸ்டிலும் கொடி எரிப்போர்மீது இயன்ற வழிகளில் வழக்குத் தொடர வேண்டுமெனக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். ஆகவே அந்நாட்டிலும் செய்தி ஆறிவிடவில்லை.

அங்கே பேச்சுரிமை இவ்வளவு விரிந்திருக்க, இங்கே சுருங்கியிருப்பது ஏன்? அவர்தம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் பேச்சுரிமைக்கு விலக்கு எழுதப்படவில்லை. நம் சட்டத்தின் 19ஆவது விதியிலோ உரிமையும் உண்டு, அடுத்த உட்பிரிவிலேயே கட்டுப்பாடும் உண்டு. அக்கட்டுப்பாடு விரிந்ததிலும் சென்னைக்குப் பங்கு இருக்கின்றது. சென்னை அரசாங்கம் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பத்திரிகையைத் தடுத்தது செல்லாது என 1950இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து பொது ஒழுங்கு முதலிய காரணங்களைச் சேர்த்தது. அவர்கள் நாட்டில் முதல் திருத்தம் பேச்சுக்கு வாயில் திறந்தது. நம் நாட்டில் முதல் திருத்தம் வாயிலுக்குத் தாழ்ப்பாள் இட்டது. பிரிவினைக் கோரிக்கையை மனத்திற்கொண்டு 1963இல் வந்த 16ஆவது திருத்தம் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. இன்று அங்குள்ள காரணங்கள் எட்டு. அவ்வெட்டனுள் தேசிய கௌரவம் என்ற சொல் இல்லை என்பதைச் சட்டம் படிக்காத என்போன்றோரும் எண்ணிப் பார்க்கலாம்.

1963 நவம்பரில் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கச் சென்ற அண்ணாதுரை அவர்கள் எரிக்குமுன்பே கைதாகி ஆறு மாதச் சிறை பெற்றார். 1965இல் குடியரசு நாளைத் துக்க நாளாகக் கொள்வதாக அறிவித்த அவர் கட்சி, பின்னர் அதனை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொண்டது; எதிர்ப்பு எவ்வளவு கடுமையாயினும் குடியரசு நாளை விலக்கி வைத்த அச்செயலில் ஒரு பக்குவம் தெரிகின்றது. அவரே 1967இல் முதலமைச்சராகி, அதே அரசியல் சட்டத்தின்மேல் பற்றுறுதி கூறிப் பதவியேற்றார்.

சென்னைச் சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டு கழித்து, 1971 டிசம்பரில், நாடாளுமன்றம் அதே பெயரில் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் இயற்றிற்று. மூன்றாண்டுச் சிறை என்ற உச்ச அளவும் அதுவே. அன்றுதான் அரக்கோணத்துக்கும் புத்தூருக்கும் இடையே இருந்த வேறுபாடு நீங்கிற்று. 2003இல் செய்த திருத்தத்தால், இரண்டாம் முறை குற்றம் செய்தவனுக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறை என்றாயிற்று. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விளக்கம் உள்ளது. கொடியையோ அரசியல் சட்டத்தையோ, முறையான வழியில் மாற்றும் நோக்கத்துடன் குறைகூறிப் பேசுவது குற்றம் அன்று என்கின்றது அது. பேசலாம், எழுதலாம், கடிந்துரைக்கலாம்; தீ வைத்தலாகாது. நாவுக்கு விட்ட உரிமையைக் கைக்கு விடவில்லை.

இச்சட்டத்தின் அளவை நன்கு காட்டியது 1986ஆம் ஆண்டுக் கேரள வழக்கு. அதே யெகோவா சாட்சிப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடுகையில் மரியாதையுடன் எழுந்து நின்றனர்; ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், முன்பு ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஒ. சின்னப்ப ரெட்டி அவர்கள், பாடியே ஆகவேண்டுமென எச்சட்டமும் சொல்லவில்லை, மௌனமும் ஓர் உரிமை என்ற கருத்தில் தீர்ப்பளித்துப் பிள்ளைகளை மீண்டும் சேர்க்கச் செய்தார். 1943ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பையும் அவர் எடுத்துக்காட்டினார். 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கிலோ, குடிமகன் தன் இல்லத்தில் மரியாதையுடன் கொடியேற்றுவது 19ஆவது விதி தரும் கருத்துரிமையே என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஏற்றுவது பேச்சு என்று நம் நீதிமன்றமும் ஒப்பிவிட்டது. இறக்கி எரிப்பது பேச்சன்று என்பதற்கு இனி வேறு காரணம்தான் தேடவேண்டும்.

நடைமுறையில் கொடிக்கு நேரும் அவமதிப்பு எது என்று எண்ணினால் வேறொன்று தோன்றுகின்றது. நெடுங்காலம் கைநெசவுக் கதர்த் துணியில் மட்டுமே கொடி செய்யலாம் என்றிருந்தது. 2021 டிசம்பர்த் திருத்தத்தால் விசைத்தறித் துணியும் பாலியெஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. விசைத்தறி ஓசை கேட்டே விடியும் நம் நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரத்தார்க்கு இது பிழைப்போடு ஒட்டிய செய்தி. மலிவானதால் கொடி வீடுதோறும் வந்தது, அது நன்று. ஆனால் ஆகஸ்டு 16ஆம் நாள் காலையில் தெருவோரச் சாக்கடையில் கிடக்கும் சிறு கொடிகளைப் போட்டவர்மீது எவரும் வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை. கிழிந்த கொடியைத் தனியிடத்தில் மரியாதையுடன் எரித்து அழிக்கலாம் என்று கொடி விதித்தொகுப்பே சொல்கின்றது. அங்கும் எரிவது அதே கொடிதான். எரிப்பவர் உள்ளத்தில் இருப்பதைக் கொண்டே ஒன்று கடமையாகின்றது, மற்றொன்று மூன்றாண்டுச் சிறையாகின்றது.